முதலில் சொறிந்தவன்

நான் தோல்காரன். முப்பது வருஷமாக ஆட்டுத் தோல் வாங்கி, உப்புப் போட்டு, அடுக்கி லாரியில் ஏற்றுகிறவன். ஆட்டின் முகத்தை நான் பார்ப்பதில்லை. உரித்த தோலைக் கவிழ்த்து உள்பக்கம் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், அந்த ஆடு எப்படி வாழ்ந்தது என்று சொல்லிவிடுவேன். வேலிக் கம்பியில் கிழித்துக்கொண்டது, உண்ணி கடித்தது, சொறி வந்து ஆறியது எல்லாம் அங்கே தெரியும். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஒரு மனுஷனைக் கொல்லப் பார்த்தது. இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

நான் தோல் வாங்கும் வீடு தெருக்கோடியில், சாக்கடை திரும்புகிற இடத்தில் இருக்கிறது. முன்னால் கறிக்கடை, நடுவில் வீடு, பின்னால் தகரம் போட்ட அறுப்புக் கொட்டகை. அண்ணன் தம்பி இரண்டு பேர். ஊரில் எல்லோரும் அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் சொல்வார்கள். பெரியவன் ஆட்டின் பின்னங்காலைப் பிடித்து ஒரே சுழற்றில் கிடத்துவான், கழுத்தடியில் முழங்காலை வைப்பான், கத்தி ஒரு தடவைதான் போகும். கதவு திறப்பதும் அப்படித்தான், பெண்டாட்டியைக் கூப்பிடுவதும் அப்படித்தான். எதற்கும் இரண்டாம் யோசனை கிடையாது.

அவர்களுடைய அப்பா அந்தக் காலத்தில் உரிப்பதில் மன்னன். கத்தியால் ஒரு கோடு கிழிப்பார், அவ்வளவுதான். பிறகு கையை முட்டியாக மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவில் நுழைத்து, குத்திக் குத்தி இறக்குவார். சட்டை கழற்றுவது மாதிரி தோல் முழுசாக வரும். அவர் கையால் உரித்த தோலில் நான் ஓட்டை பார்த்ததே இல்லை. அந்தக் கை சின்னவனுக்கு வந்தது. பெரியவனுக்கு வரவில்லை. அவன் உரித்தால் பத்துத் தோலில் மூன்று கிழிசல்.

நாலு வருஷத்துக்கு முன்னால் சந்தையில் ஒருத்தன் அப்பாவைத் திருடன் என்று சொல்லிவிட்டான். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் அவனை அடித்தார்கள். போலீஸ் வந்தபோது கறி மாட்டும் கொக்கி சின்னவன் கையில் இருந்தது, அதனால் ஜெயிலுக்கு அவன் போனான். அடுத்த வருஷம் அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. பின்னறையில் கட்டில் போட்டார்கள். அந்த அறையின் ஜன்னல் கொட்டகைப் பக்கம் திறக்கும். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வந்தாள். கடைசி மாதங்களில் அந்த வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு நாள், "என் கையெல்லாம் ஒரு மாதிரி இருக்கு, வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். எந்த மாதிரி என்று யாரும் கேட்கவில்லை. அவள் நின்ற மறுநாள் சின்னவன் விடுதலையாகி வந்தான்.

வந்தவன் சாப்பிட உட்காரவில்லை. நேராகப் பின்னறைக்குப் போனான். அண்ணி, அதாவது பெரியவன் பெண்டாட்டி, தட்டில் சோறு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவன் அப்பாவை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டிருந்தான். வெந்நீர் கேட்டான். குளிப்பாட்டித் துடைத்தபோது துண்டோடு செதில் செதிலாக வந்தது, தரையெல்லாம் தவிடு கொட்டினது மாதிரி இருந்தது.

"வயசாயிட்டா தோல் இப்படித்தான் உலர்ந்து போகும் தம்பி. உங்கண்ணன் மாசம் தவறாம களிம்பு வாங்கித் தர்றாரு, ஆயா தடவிட்டிருந்தா," என்றாள் அண்ணி.

"இனிமே நான் தடவுறேன் அண்ணி."

அன்று முதல் அப்பா கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுக்கொண்டான். சில நேரம் கட்டிலிலேயே அப்பாவை ஒட்டிச் சாய்ந்திருப்பான். கிழவரின் விழுந்துபோன வலது கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஜெயில் கதையெல்லாம் சொல்லுவான். காலையில் கொட்டகைக்கு வந்து உரிப்பான். நாலு வருஷம் கத்தி தொடாதவன் மாதிரியே இல்லை.

மூன்றாம் நாள் காலை. கொக்கியில் தொங்கிய ஆட்டின் தோலுக்குள் கையை விட்டு இறக்கிக்கொண்டிருந்தவன், நடுநடுவே நிறுத்தி மணிக்கட்டைத் தொடையில் தேய்த்தான்.

"என்னடா அது?" என்றேன்.

"தெரியல தோல்காரரே. நேத்துலருந்து விரலிடுக்குல அரிக்குது. தூங்கவே விடல."

"காட்டு." பார்த்தேன். விரலிடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம், மணிக்கட்டில் பென்சில் கீறின மாதிரி நெளிநெளியாகக் கோடு. "உள்ள இருக்கும்போது இது வந்துச்சா?"

"மொத வருஷம் வந்துச்சு. செல்லுல இருந்த அத்தனை பேருக்கும் வந்துச்சு. மருந்து குடுத்தாங்க, போயிடுச்சு. அப்புறம் மூணு வருஷமா ஒண்ணும் இல்ல."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தோல் என்று வந்துவிட்டால் எனக்கு நாக்கு நிற்காது. "இது சொறிடா! எத்தனை தோல்ல பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? ஜெயில்லருந்து சும்மா வராம கூட்டாளியையும் கூட்டிட்டு வந்திருக்கே. ஆட்டுக்குச் சொறி வந்தா மருந்துல முக்கி எடுப்போம்ல, உன்னையும் முக்கிட வேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்தேன். சின்னவனும் சிரித்தான்.

வெட்டுக்கட்டை பக்கம் நின்றிருந்த பெரியவன் சிரிக்கவில்லை.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லடா, சும்மா..."

"சொறியா? சொறிக்கையை வச்சுக்கிட்டு என் கறியத் தொடுறானா?"

முதல் உதை முழங்காலுக்குப் பின்னால் விழுந்தது. சின்னவன் ஆட்டோடு சேர்ந்து தொங்கி, பிடி விட்டு, இரத்தத் தரையில் விழுந்தான். எழுந்திருப்பதற்குள் பெரியவன் அவன் தலைமயிரைப் பிடித்துக் கொட்டகை நடுவுக்கு இழுத்தான். தினமும் ஆட்டைக் கிடத்துகிற அதே இடம். முகத்தில் குத்தினான், விலாவில் மிதித்தான். பல் ஒன்று சாக்கடைக் கம்பிமேல் விழுந்து ஓசையிட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"நாலு வருஷம் ஒத்த ஆளா இந்தக் கடையத் தூக்கி நிறுத்துனேண்டா! நாத்தம் புடிச்ச நோயக் கொண்டாந்து கறியில தடவுறியா? நாளைக்கு எவன்டா வாசப்படி ஏறுவான்?"

"அண்ணே, வேணாண்ணே. மருந்து போட்டா போயிடும்ணே."

"போடுறேண்டா மருந்து!"

தண்ணீர்க் குழாயை அவன்மேல் திருப்பினான். வெட்டுக்கட்டை தேய்க்கிற கம்பி பிரஷ்ஷை எடுத்தான். அது மரத்தில் ஊறின கொழுப்பையே பெயர்த்தெடுக்கிற பிரஷ். அதை வைத்துத் தம்பியின் கை, முதுகு, வயிறு எல்லாம் தேய்த்தான். தோல் சுருண்டு வந்தது. சின்னவன் திமிறினால் பெரியவனைத் தூக்கி எறிந்திருப்பான், அவ்வளவு பலம் அவனுக்கு. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். ஜன்னலைப் பார்த்து, "அப்பாவுக்குக் கேக்கும்ணே, அப்பாவுக்குக் கேக்கும்ணே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்குள்ளிருந்து கிழவர் ஒரு சத்தம் போட்டார். பேச்சில்லாத வாயிலிருந்து வந்த சத்தம்.

அப்புறம் அலமாரியிலிருந்து ஆட்டுச் சொறி மருந்து டப்பாவை எடுத்தான். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அவன் தண்ணீரே கலக்கவில்லை. பிரஷ் போட்டுத் தேய்த்த பச்சைப் புண்மேல் டப்பாவைக் கவிழ்த்தான்.

"பெரியவனே, டேய், அது விஷம்டா!" என்று நான் ஓடி அவன் கையைப் பிடித்தேன். என்னைத் தள்ளினான். தோல் குவியல்மேல் போய் விழுந்தேன். நியாயமாகப் பார்த்தால் அந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். வாயால் எடுத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சின்னவனுக்கு வாயில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. வாந்தி எடுத்தான். தொடைச் சதை தானாகத் துடித்தது, கழுத்தறுத்த ஆட்டுக்குத் துடிக்குமே, அப்படி. அதைப் பார்த்ததும்தான் பெரியவன் பின்னால் நகர்ந்தான். அண்ணி ஓடிவந்து தலையைத் தூக்கிப் பிடித்தாள். நான் என் தோல் வண்டியில், அன்றைக்கு வாங்கின ஈரத் தோல்மேலேயே அவனைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

அங்கே ஒரு நர்ஸம்மா. குட்டையாக இருப்பாள், குரல் மட்டும் கட்டிடத்துக்கே கேட்கும். "என்ன ஊத்துனீங்க?" என்றாள்.

"ஆட்டு மருந்து."

"ஆடு எங்க?"

வண்டியில் கிடந்தவனைக் கையால் காட்டினேன். டாக்டர் ஊசிக்குமேல் ஊசி போட்டார். சாயங்காலம் கண் திறந்த சின்னவன், யார் ஊற்றியது என்று டாக்டர் கேட்டதற்கு, "நானே ஊத்திக்கிட்டேன்" என்றான். நர்ஸம்மா அவன் முதுகுப் பக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எதுவோ எழுதிக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து அவனை அனுப்பும்போது அவள் என் கையில் அரை டஜன் களிம்புக் குழாய் கொடுத்தாள். "இது மனுஷனுக்கு வர்ற சொறி. ஆட்டுப் பூச்சி வேற, மனுஷப் பூச்சி வேற. இவனுக்கு நாங்க போட்டாச்சு. வீட்டுல இருக்கற எல்லாரும் ஒரே நாள்ல, கழுத்துலருந்து பாதம் வரைக்கும் தடவணும். அரிச்சாலும் தடவணும், அரிக்கலேன்னாலும் தடவணும். புரியுதா?"

புரிந்தது. கொண்டுபோய் நீட்டினேன். பெரியவன் ஒவ்வொரு குழாயாக வாங்கிச் சாக்கடையில் எறிந்தான்.

"எங்களுக்கெல்லாம் ஜெயில் சீக்கு இல்ல. நோய் இந்த வாசல் தாண்டிப் போயாச்சு."

"மருந்துதானே, வாங்கி வச்சா என்ன..." என்றாள் அண்ணி. புறங்கையால் ஒன்று விட்டான். உதடு கிழிந்தது. அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு, ஒரு அடிகூடப் பின்னால் போகாமல் கேட்டாள்: "சரி. ஆயாவும் இல்ல, தம்பியும் இல்ல. உங்கப்பாவை இனிமே யாரு தூக்குறது?"

கைகால் இரண்டு ஜோடிதான் வீட்டில் மிச்சம். அன்றிலிருந்து தலைமாட்டில் அவனும் கால்மாட்டில் அவளுமாகப் பிடித்துத் தூக்கினார்கள், துடைத்தார்கள், களிம்பு தடவினார்கள்.

சின்னவன் என் தோல் மண்டியில் தங்கினான். எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பு மூட்டை. வெந்துபோன உடம்போடு அங்கே கிடந்தான். காற்றடித்தால் உப்புத் தூசி புண்ணில் பட்டுத் துள்ளுவான். நர்ஸம்மா வாரம் இரண்டு தடவை மத்தியானத்தில் வந்து கட்டு மாற்றுவாள். அரிப்பு மட்டும் உடனே நிற்கவில்லை.

"மருந்து வேலை செய்யலையா சிஸ்டர்?" என்று கேட்டான்.

"பூச்சி செத்துப்போச்சு. செத்தது தோலுக்குள்ளதானே கிடக்குது? உன் உடம்புக்கு உசுரோட இருக்கறதும் ஒண்ணுதான், பொணமும் ஒண்ணுதான், சண்டை போட்டுக்கிட்டே இருக்கும். ரெண்டு மூணு வாரம் ஆகும். மறுபடி மறுபடி மருந்த அப்பிக்காதே."

அவள் போனதும் அவன் என்னிடம் ஒரே பாட்டைத்தான் பாடுவான். "அப்பாவை இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொல்லுங்க. வலது பக்கம் அழுத்தினா மூச்சு முட்டும் அவருக்கு."

"உங்கண்ணன்கிட்ட நான் போய்ப் பேசவா? அவன் என்னையும் தொங்க விட்டு உரிப்பான்."

"அண்ணிகிட்ட சொல்லுங்க."

"உனக்குக் கோபமே வராதாடா?"

"வருது தோல்காரரே. எழுந்து நிக்க முடியட்டும்."

ஐந்தாறு வாரம் ஓடியது. கோடை முடிந்து தூறல் ஆரம்பித்தது. தோலெல்லாம் ஈரம் வாங்கி நாறிற்று. ஒரு நாள் காலை கடைக்குப் போனால் பெரியவன் எலும்பு வெட்டிக்கொண்டே முழங்கையைக் கட்டையில் தேய்க்கிறான். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று இடுப்பைச் சொறிகிறாள். வாங்க வந்த ஓர் அம்மா, கறிப் பொட்டலத்தை அப்படியே பலகையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அன்றைக்கு யாரும் வரவில்லை.

மத்தியானம். மண்டியில் சின்னவன் உட்கார்ந்திருக்க, நர்ஸம்மா அவன் முதுகுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தகரக் கதவு ஓர் உதையில் திறந்தது. பெரியவன் தூறலில் நனைந்து நின்றான், கையில் எலும்பு வெட்டுகிற கத்தி.

"எப்படா வந்தே? நாங்க அசந்த நேரம் வீட்டுக்குள்ள வந்து என் பாயில பொரண்டுட்டுப் போறியா? என்னைப் பழிவாங்குறியா?"

"நான் வரலண்ணே."

"பொய்! என் பொண்டாட்டிக்கு அரிக்குது! எனக்கு அரிக்குது! என் கடை போச்சுடா!"

ஓங்கினான். நான் குறுக்கே போனேன். தைரியம் எல்லாம் இல்லை, நான் நின்ற இடம் அப்படி. கத்தி என் முன்கையைச் சீவிக்கொண்டு போய், பின்னால் இருந்த தோல் அடுக்கில் இறங்கி மாட்டிக்கொண்டது. அவன் அதைப் பிடுங்குவதற்குள் சின்னவன் பாய்ந்தான். அன்றைக்கு ஜன்னலுக்குப் பயந்து அடக்கின பலம் எல்லாம் இப்போது வந்தது. அண்ணனை உப்புத் தரையில் மல்லாக்கத் தள்ளி, மார்மேல் ஏறி, முழங்காலைக் கழுத்தடியில் வைத்தான். ஆட்டுக்கு வைக்கிற மாதிரியே. கையில் தோல் இழுக்கும் கொக்கி. அதன் முனை பெரியவன் காதுக்குக் கீழே அமுங்கி, ஒரு சொட்டு இரத்தம் வந்தது.

"சொல்லுண்ணே. அடிப்பியா? இன்னும் அடிப்பியா? சொல்லு!"

பெரியவன் கண் பிதுங்கிற்று. நான் கையைப் பிடித்துக்கொண்டு அலறினேன், இரத்தம் என் வேட்டியெல்லாம்.

நர்ஸம்மா அலறவில்லை. குனிந்து, பெரியவன் தரையில் அடித்துக்கொண்டிருந்த கையைப் பிடித்து, விரல்களை விரித்து வெளிச்சத்தில் பார்த்தாள். "இது எத்தனை நாளா?" என்றாள். ஆஸ்பத்திரியில் வரிசையில் வந்தவனைக் கேட்கிற மாதிரி.

பெரியவன் கையை உருவப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். எத்தனை நாளா?"

"ஒரு... வாரமா," என்றான் பெரியவன் முழங்காலுக்குக் கீழிருந்து.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்திருக்கா? சின்ன வயசுல?"

"இல்ல."

"தம்பி, காலை எடு. அவரு செத்துட்டா நான் யாருகிட்டக் கேக்கறது?"

சின்னவன் முழங்காலைத் தளர்த்தினான். கொக்கியை எடுக்கவில்லை.

"கேட்டுக்கோங்க," என்றாள் அவள். "இந்தப் பூச்சி மொத தடவை ஏறுனா உடம்புக்கு அடையாளமே தெரியாது. ஒரு மாசம், ஒண்ணரை மாசம் சும்மா இருக்கும். அப்புறம்தான் முழிச்சுக்கிட்டு அரிக்கும். ஒரு தடவை வந்து ஆறுன உடம்புக்கு அடையாளம் தெரியும், ரெண்டே நாள்ல அரிக்க ஆரம்பிச்சிடும். இவன் ஜெயில்லருந்து வந்து எத்தனாவது நாள் அரிச்சுது?"

"ரெண்டாவது நாள்," என்றேன் நான்.

"அப்போ வந்த அன்னிக்கே உங்க வீட்டுலதான் வாங்கியிருக்கான். கொண்டாந்தவன் இவன் இல்ல. வந்த அன்னிக்கு யாரைத் தொட்டே தம்பி?"

சின்னவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அப்பாவை," என்றான்.

"நீங்க?" என்று பெரியவனைக் கேட்டாள். "நீங்க எப்பலருந்து அப்பாவைத் தொடுறீங்க?"

"இவன் போன நாள்லருந்து. நானும் அவளும்தான் தூக்குறோம்."

"ஆறு வாரம். கணக்கு சரியா இருக்கு. அதுக்கு முன்னாடி எப்ப தொட்டீங்க?"

"ஆயா இருந்தாங்க."

"ஆயாவைக் கேக்கல. உங்களைக் கேக்கறேன். அவரு படுத்ததுக்கு அப்புறம் நீங்க எப்ப தொட்டீங்க?"

பெரியவன் கண்ணை மூடிக்கொண்டான். முன்பே தொட்டிருந்தால் முன்பே அரித்திருக்கும். மூன்று வருஷமாக அவன் தன் அப்பாவைத் தொடவே இல்லை என்று அந்த அரிப்பு எங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டது. சின்னவன் கொக்கியைத் தரையில் போட்டான்.

என் கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு நர்ஸம்மா நேரே அந்த வீட்டுக்கு நடந்தாள். பின்னால் நாங்கள். பின்னறையில் போர்வையை விலக்கினாள். நான் அப்போதுதான் கிழவரைப் பக்கத்தில் பார்க்கிறேன். தினமும் வாசல்படியில் நின்று, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறவன்தானே நான். விரல், முழங்கை, குதிகால் எல்லாம் மரப்பட்டை மாதிரி தடித்து வெடித்திருந்தது. நகத்துக்கு அடியில் சுண்ணாம்பு அடைத்தது மாதிரி இருந்தது. இத்தனை தோல் பார்த்த கெட்டிக்காரன், பார்க்க வேண்டிய தோலைப் பார்க்கவில்லை.

"இவருக்கு ஒரு நாளும் அரிச்சதில்லையே," என்றாள் அண்ணி. "ஒரு தடவைகூடச் சொறிஞ்சதில்ல."

"அதான் ஆபத்து. உங்க உடம்புல மிஞ்சிப்போனா பத்துப் பூச்சி இருக்கும். உடம்பு சண்டை போடுது, அதனால அரிப்பு, அதனாலதான் பெருக விடல. இவருக்குச் சண்டை போட ஆள் இல்ல. இந்தச் செதில்ல ஆயிரக்கணக்குல இருக்கும்." அலமாரியில் இருந்த களிம்புக் குழாயை எடுத்துப் படித்தாள். "இதை யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. மருந்துக்கடையில கேட்டு வாங்குனேன்," என்றான் பெரியவன். "தோல் உலர்ந்துபோகுதுன்னு. மாசம் தவறாம வாங்குனேன் சிஸ்டர். ஒரு மாசம்கூட விடல."

"காவல்காரனுக்குத் தூக்க மருந்து குடுத்த மாதிரி. இருந்த கொஞ்சநஞ்ச எதிர்ப்பையும் இது தூங்க வச்சிடுச்சு."

அப்பாவுக்கு என்று அவன் செய்த ஒரே காரியம் அது. அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று வீட்டிலேயே தனியறை வைத்தார்கள். மாத்திரை, பழைய களிம்புக்குப் பதில் புதுக் களிம்பு. வீட்டிலிருந்த எல்லோரும், நானும்கூட, கழுத்துமுதல் பாதம்வரை பூசிக்கொண்டோம். ஆயா வீட்டுக்கும் நர்ஸம்மாவே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். துணியெல்லாம் ஆட்டுத்தலை வேகவைக்கிற அண்டாவில் கொதித்தது. செதிலை ஊறவைத்து, மழுங்கின கரண்டியால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும், தினமும். "நான் செய்யறேன்," என்று சின்னவன் முன்னால் வந்தான்.

"உன் கையே இன்னும் புண்ணு. நான் செய்யறேன்," என்றான் பெரியவன்.

முதல் நாள் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தான். கிழவரின் விழாத கை, இடது கை, மெதுவாக உயர்ந்து அவன் கன்னத்தில் ஓர் அறை அறைந்தது. உரித்து உரித்து உரமேறின கை. ஜன்னல் வழியாக அன்று எல்லாம் கேட்டிருந்தாரே. பெரியவன் கன்னத்தைத் தடவவில்லை. குதிகாலைச் சுரண்டினான். இன்னோர் அறை. அண்ணி கையைப் பிடிக்கப் போனாள்.

"விடு. அடிக்கட்டும்," என்றான்.

பத்து நாள் அப்படி நடந்தது. அவன் சுரண்டுவான், அவர் அடிப்பார். கண்ணோரம் கன்றிப்போன முகத்தோடு வந்து அவன் கறி வெட்டினான். பதினோராம் நாள் கிழவர் அடிக்கவில்லை. இடது கையால் தன் தொடையைப் பரபரவென்று சொறிந்தார். பெரியவன் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நர்ஸம்மா வந்து பார்த்து, முதல்முறையாகச் சிரித்தாள்.

"நல்லதுதான்யா. இப்பத்தான் உடம்பு முழிச்சிருக்கு."

செதிலுக்கு அடியிலிருந்து வந்த தோல் குழந்தைத் தோல் மாதிரி சிவப்பாக இருந்தது. சின்னவன் வீட்டுக்குத் திரும்பி வந்தான். முதுகில் பிரஷ் போன கோடெல்லாம் வெள்ளையாக ஆறியிருந்தது. பெரியவன் மன்னிப்பு என்று எதுவும் கேட்டதாக எனக்குத் தெரியாது. கொட்டகையில் உரிக்கும் இடத்தைத் தம்பிக்கு விட்டுவிட்டு அவன் கடைப்பக்கம் போய்விட்டான். இருவரும் வேலைப் பேச்சு பேசினார்கள். "அது கொழுத்த ஆடு, பாத்து இறக்கு." "சரிண்ணே." அவ்வளவு போதும், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன்.

மாசம் ஒன்று போயிருக்கும். காலை வெயில் கொட்டகைக்குள் விழுந்திருந்தது. நான் தோல் எண்ணிக்கொண்டிருந்தேன். சின்னவன் தொங்கும் ஆட்டில் கையை முட்டியாக்கி இறக்கிக்கொண்டிருந்தான், வாயில் ஏதோ பாட்டு. பெரியவன் கடையிலிருந்து வந்து அவன் பின்னால் நின்றான். தலைக்குமேல் கம்பியில் ஒரு கொக்கி காலியாகத் தொங்கியது. அதை எடுக்கத்தான் கையைத் தூக்கினான்.

அந்தக் கையின் நிழல் ஆட்டின்மேல் விழுந்ததுதான் தாமதம். சின்னவன் கத்தியைப் போட்டுவிட்டு, அப்படியே குந்தி, இரண்டு முழங்கைக்குள்ளும் தலையைப் புதைத்துக்கொண்டான். தொடைச் சதை துடித்தது.

"கொக்கிடா," என்றான் பெரியவன். "தம்பி, கொக்கி எடுக்க வந்தேண்டா."

சின்னவன் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும், "தெரியும்ணே. தானா வந்துடுச்சு," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். கத்தியைக் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்தான். பெரியவன் கொக்கியை எடுக்காமலே போனான்.

இப்போதும் தினமும் காலையில் நான் அங்கே தோல் வாங்கப் போகிறேன். சின்னவன் உரித்த தோலில் ஓர் ஓட்டை கிடையாது. கடையில் கூட்டம் பழையபடி வருகிறது. கொட்டகைக்குள் தம்பியிடம் ஏதாவது சொல்ல வரும்போது மட்டும் பெரியவன் கொஞ்சம் தள்ளியே நிற்பான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.